சூரியனுக்காக ஒரு கையெழுத்து

ஓசூரில் வெயிலுக்குப் பஞ்சம் என்றால் யாராவது நம்புவார்களா? ஊட்டச்சத்து ஆராய்ச்சியாளர் எஸ்லினும் முதலில் நம்பவில்லை. சர்க்யூட் போர்டு செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் பெண்களின் ரத்தத்தைப் பரிசோதித்தபோது வைட்டமின் டி பேருக்குக்கூட இல்லை. எப்படி இருக்கும்? இருட்டோடு பஸ் ஏறி, ஜன்னல் இல்லாத ஏசி ஹாலில் நாள் முழுக்க நின்று, இருட்டிய பிறகு வீடு போகிறவர்கள் அவர்கள்.

ராயக்கோட்டையிலிருந்து வரும் சம்பங்கிக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. பஸ் படி ஏறுவதற்குள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவாள். "எலும்புக்குள்ள யாரோ ஒக்காந்து அரைக்கற மாதிரி இருக்குது மேடம்" என்றாள். அதைக் கேட்டதிலிருந்து எஸ்லினுக்கு மனசு ஆறவில்லை.

மாத்திரை என்றதும் நிர்வாகம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. வெயில் இலவசம் என்றதும் திரும்பிப் பார்த்தது. கல்லில் நார் உரித்து, மதியம் இருபது நிமிஷம் வெயில் இடைவேளை வாங்கினாள் எஸ்லின். ஒரே ஒரு நிபந்தனை: அடுத்த பரிசோதனையில் அளவு ஏறாவிட்டால் இடைவேளை ரத்து.

ஹெச்.ஆர். மேலாளர் மெல்வின் எதையும் ஒழுங்காகச் செய்கிறவர். கம்பெனி முற்றத்தில் மஞ்சள் பெயின்ட்டால் ஆளுக்கொரு கட்டம் போட்டார். விசில் ஒருமுறை ஊதினால் முகம் காட்ட வேண்டும், மறுமுறை ஊதினால் முதுகு. தோசை திருப்புவது போல எல்லாம் பக்குவமாக நடந்தது. ஆனால் அடுத்த பரிசோதனையில் அளவு ஒரு புள்ளிகூட ஏறவில்லை.

எஸ்லின் பதறிக்கொண்டு மதிய வேளையில் நேரில் வந்து பார்த்தாள். கட்டத்துக்கு ஒருத்தியாக நின்றிருந்தார்கள். போர்டில் தூசி படாமலிருக்க ஹாலில் போடுகிற அதே உடுப்பு: கழுத்திலிருந்து கணுக்கால்வரை கோட்டு, தலையில் தொப்பி, வாயில் மாஸ்க், கையில் உறை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றதை வைத்துத்தான் சம்பங்கியை அடையாளம் கண்டுகொண்டாள்.

"சார், தோல்ல வெயில் படணும் சார்!"

"காம்பவுண்டுக்குள்ள கோட்டு கட்டாயம் மேடம். ரூலு" என்றார் மெல்வின்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்பது சும்மாவா? தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக எஸ்லின் அவர் பின்னால், அளவு ஏறாததற்குக் காரணம் தேடும் மீட்டிங்குக்குப் போனாள். அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. எது கெட்டுப்போனாலும் ஐந்து முறை 'ஏன்' என்று கேட்டுக் குற்றவாளியைக் கண்டுபிடிப்பார்கள். அளவு ஏன் ஏறவில்லை? வெயில் போதவில்லை. ஏன் போதவில்லை? சப்ளை சரியில்லை. ஏன் சரியில்லை? சப்ளையர் சரியில்லை. சப்ளையர் யார்? சூரியன். ஐந்தாவது கேள்விக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

மெல்வின் சூரியன் பேரில் ஒரு புகாரை அச்சடித்து நீட்டினார். "சப்ளையர் தரப்புல பதில் எழுதிக் கையெழுத்துப் போடணும் மேடம். அவரக் கூட்டியாந்தது நீங்கதானே?"

"போடலன்னா?"

"அவர பிளாக் பண்ணிருவோம். நாளைலருந்து பிரேக் கெடயாது."

எஸ்லினுக்கு வந்த கோபத்தில் அதைக் கிழித்து எறிந்திருப்பாள். சம்பங்கியின் இடுப்பு நினைவுக்கு வந்து தடுத்தது. ஜன்னல் வழியே லாரிகள் சரக்கு இறக்கும் இடம் தெரிந்தது. அங்கே சுமை தூக்குகிறவர்கள் லுங்கியும் பனியனுமாக நின்று பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் பேனாவை எடுத்தாள்.

'என் சரக்கில் குறை இல்லை. வாங்குகிறவர்கள் மூடிக்கொண்டு நின்றால் நான் என்ன செய்ய? இனிமேல் லாரி சரக்கு இறங்கும் இடத்தில், உறையெல்லாம் கழற்றிவிட்டு என் சரக்கைப் பெற்றுக்கொள்ளவும். இப்படிக்கு, சூரியனுக்காக, எஸ்லின்.'

படித்ததும் மெல்வின் முகம் மலர்ந்தது. "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே மேடம்! அன்லோடிங் யார்டுல கோட்டு ரூலு இல்ல!"

மறுநாளிலிருந்து லாரிகளுக்கு நடுவே பெண்கள் கோட்டைக் கழற்றிப் போட்டு, கைகளை நீட்டிக்கொண்டு நின்றார்கள். கன்னடத்தில் ஒருத்தி கிண்டல் செய்ய, தெலுங்கில் ஒருத்தி பதில் கொடுக்க, ஒரே சிரிப்பு. அடுத்த பரிசோதனையில் அளவு மளமளவென்று ஏறியிருந்தது. அன்று இரவு சம்பங்கி எங்கேயும் நிற்காமல் பஸ் படி ஏறியதைப் பார்த்து எஸ்லினுக்குக் கண் கலங்கிவிட்டது.

கம்பெனி விழா எடுத்தது. கேக் வெட்டினார்கள். சிறந்த சப்ளையருக்கான கேடயத்தைச் சூரியன் சார்பில் எஸ்லினே வாங்கிக்கொண்டாள். பிறகு மெல்வின் மைக்கைப் பிடித்தார்.

"டார்கெட்ட தொட்டுட்டோம்! பிராஜெக்ட் வெற்றிகரமா முடிஞ்சதால, நாளைலருந்து வெயில் பிரேக் கிடையாது!"

அதிகாரிகளின் கைதட்டல் கூரையைப் பிளந்தது. கேடயத்தோடு எஸ்லின் மேடையை விட்டு இறங்கினாள். சம்பங்கி மெல்ல அருகில் வந்தாள்.

"ஏன் மேடம், ஏறுனது திரும்ப எறங்கறதுக்கு எத்தன நாளாவும்?"

"வெயிலே படலன்னா கொஞ்ச மாசத்துல எறங்கிடும் சம்பங்கி."

"எறங்குச்சுன்னா மறுபடியும் பிரேக் கேப்பீங்கல்ல?"

"கேப்பேன். கண்டிப்பா கேப்பேன்."

"அப்ப சீக்கிரமா எறக்கிடறோம் மேடம்" என்று சொல்லிவிட்டு, சம்பங்கி கோட்டுப் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு ஹாலுக்குள் போனாள்.