மூன்று நாள் நின்ற மின்விசிறி

ஆறு நிறுவனங்கள் கூடி இழுத்த ஆய்வுத் தேர் அது. நாலு மணிக்குள் ஆறும் ஒப்புதல் தந்தால்தான் அறிக்கை போகும். இப்போது மணி மூன்றே கால். ஜாலான் புசார் சாலையில், ஒரு கடைவீட்டு மாடி அலுவலகத்தில், தரவுகளுக்குப் பொறுப்பான மேனுகாவுக்கு ஏசியிலும் வியர்த்தது.

சூரிய மின்சாரத்தைச் சேமிக்கும் பேட்டரிகளைக் குளிர்விக்க, நினைத்ததைவிடக் குறைந்த மின்சாரமே போதும் என்பதுதான் அறிக்கையின் பெருமையே. பிடோக் வட்டாரத்தில் ஓர் அடுக்குமாடி புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில் பத்து நாள் நடந்த சோதனையை வைத்து வந்த முடிவு. அதில் மூன்று நாள் குளிர்விக்கும் மின்விசிறி ஓடவே இல்லை என்பதை மேனுகா இன்றுதான் கண்டுபிடித்தாள். அடுத்தவர் பார்த்திருப்பார் என்று ஆளாளுக்கு இருந்துவிட்டார்கள்.

"வடிவேலு யார்கிட்டயும் கேக்காம ஆஃப் பண்ணிருக்கார்," என்றார் திட்டத் தலைவர் டாக்டர் சரோஜினி. மற்ற ஐந்து நிறுவனத்தாரும் திரையில் காத்திருந்தார்கள். "டெக்னீஷியன் தப்புன்னு ஒரு லைன் போடு மேனுகா. டெட்லைனைத் தள்ளி வாங்கிடலாம்."

அடுத்த மாதம் வடிவேலுவின் ஒப்பந்தம் முடிகிறது. அந்த ஒரு வரி போதும், அவர் வீட்டுக்குப் போக. மேனுகாவுக்கும் அவர்மேல் ஆத்திரம்தான். ஆனாலும் ஒரு வார்த்தை கேட்காமல் எழுத மனம் வரவில்லை. வராந்தாவுக்குப் போய் அழைத்தாள்.

"அண்ணே, மார்ச்ல ஃபேனை ஏன் நிறுத்துனீங்க?"

"புளோக்குல ஒரு சாவும்மா. மூணு நாள் கீழ்த்தளத்துலதான் சவப்பெட்டியை வச்சிருந்தாங்க. பக்கத்துலயே ஃபேன் காதைக் கிழிக்குது. ஜனங்க அழுதுகிட்டு இருக்காங்க, எப்படிம்மா ஓட விடுறது? அன்னைக்கே குரூப்ல கேட்டேனே லா. எல்லாரும் சரின்னீங்க."

கதை விடுகிறார் என்று எரிச்சலோடு கைப்பேசியில் தேடினாள். மார்ச் பதினான்கு. உடைந்த ஆங்கிலத்தில் வடிவேலு கேட்டிருந்தார்: கீழே துக்கம், மூன்று நாள் மின்விசிறியை நிறுத்தட்டுமா? அடியில் வரிசையாக ஏழு கும்பிடும் கை இமோஜிகள். துக்கம் என்ற சொல்லோடு எல்லோரும் படிப்பதை நிறுத்திவிட்டு, இரங்கல் தெரிவித்த திருப்தியில் அடுத்த வேலைக்குப் போயிருந்தார்கள். அவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார். மூன்றாவது கை மேனுகாவுடையது. அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

உள்ளே வந்தாள்.

"எழுதிட்டியா?" என்றார் சரோஜினி.

மேனுகா கைப்பேசியைத் திரையோடு இணைத்தாள். ஏழு கைகளும் பெயர்களோடு பெரிதாகத் தெரிந்தன.

"எழுதுறேன் டாக்டர்," என்றாள். "மூணாவது பேர் என்னோடது. முதல் பேர் உங்களோடது. வரிசையாவே போட்டுடவா?"