இடதுகை ஞானத்தகப்பன்

ஆளை ஹுஸ்தா அடையாளம் கண்டது முகத்தை வைத்தல்ல, கையை வைத்து. மலைப்பாதை தொடங்கும் இடத்தில் கோவேறு கழுதைகளுக்குச் சுமை ஏறிக்கொண்டிருந்தது. அந்த வெளிநாட்டுக்காரன் ஒரு ரொட்டியை எடுத்துத் தன் மகளுக்குப் பிளந்து கொடுத்தான். கத்தி இடது கையில் இருந்தது. நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, ரொட்டிக்கு வலிக்குமோ என்று பயந்தவன் மாதிரி அத்தனை பதமாக அறுத்தான். ஹுஸ்தாவின் கையிலிருந்த அடுப்பு நழுவிப் பாறையில் விழுந்தது.

"யோவ், இங்க வா," என்று புருஷனைக் கூப்பிட்டாள். "அந்த ஆளைத் தெரியுதா உனக்கு?"

மெல்சோர் கழுதையின் வயிற்றுக் கயிற்றை இறுக்கிக்கொண்டே திரும்பிப் பார்த்தான். "பாசஞ்சரு. பேரு ஹென்ரிக்காம். பொண்டாட்டி, மக, மூணு பேரு. நாலு நாளைக்குச் சமைச்சுப் போடணும். வேற என்ன தெரியணும்?"

"உன் கொம்பாத்ரேய்யா அது! நம்ம நெலிடாவுக்கு முடி வெட்டுன கை."

மெல்சோர் கயிற்றைப் பிடித்தபடியே நின்றுவிட்டான். கழுதை இரண்டு தடவை தலையை உதறியது. பிறகு அவன் மெதுவாகச் சொன்னான்: "வாயை மூடிக்கிட்டு வா ஹுஸ்தா. உன் கால்ல விழறேன்."

கொம்பாத்ரே என்பது எங்கள் பக்கம் விளையாட்டுச் சொல் இல்லை. பிள்ளைக்கு முதல் முடி வெட்டுகிறவன் அதற்கு ஞானத்தகப்பன். பெற்றவர்களுக்கு அவன் கொம்பாத்ரே. கூடப் பிறந்தவனோடு பேச்சை முறித்துக்கொள்ளலாம், கொம்பாத்ரேயோடு முறிக்க முடியாது. அப்படிப்பட்ட உறவைக் கொண்டுபோய், வழியில் போகிற ஒருவன் கையில் கத்தரிக்கோலாகக் கொடுத்தவள் ஹுஸ்தாதான். வேறு யாரையும் அவள் குறை சொல்ல முடியாது.

அது ஆறு வருஷத்துக்கு முன்னால். நெலிடாவுக்கு இரண்டு வயது, முதல் முடி வெட்டும் நாள். வீட்டில் சிச்சா என்ற சோளக்கள் புளித்து நுரைத்திருந்தது, முயல் மாதிரி கொழுத்த ஆறு கினிப்பன்றிகள் அடுப்பில் வெந்துகொண்டிருந்தன, ஊரே வந்து உட்கார்ந்துவிட்டது. வரவேண்டிய ஞானத்தகப்பன் மட்டும் வரவில்லை. பக்கத்து ஊர்ப் பாலத்தை மழை இழுத்துக்கொண்டு போயிருந்தது. அந்த நேரம் பார்த்து, ஊரைச் சுற்றிப் பார்க்க வந்த ஒரு வேன் கூட்டம் மழைக்கு ஒதுங்கி அவள் வாசலில் நின்றது. தோளில் மூன்று வயதுப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு, தாடியெல்லாம் தண்ணீர் சொட்டச் சொட்டச் சிரித்த ஒருவனை ஹுஸ்தாவுக்குப் பார்த்ததும் பிடித்துப் போயிற்று. மழையே அனுப்பிவைத்த ஆள் என்று நினைத்துவிட்டாள், பாவி. கத்தரிக்கோலை அவன் கையில் வைத்தாள்.

அவன் இடது கைக்கு மாற்றிக்கொண்டபோது ஊரே சிரித்தது. ஆனால் முதல் முடியை அவன் வெட்டிய விதத்தைப் பார்த்துச் சிரிப்பு அடங்கிவிட்டது. வெட்டிய முடியைத் தட்டில் பூப்போல வைத்தான். கழுத்திலிருந்த கம்பளித் துண்டை அவிழ்த்துக் குழந்தைக்குச் சுற்றிவிட்டான். என்னமோ சொன்னான். கூட வந்த வழிகாட்டி, "இவ வளந்ததும் திரும்ப வந்து பாப்பாராம்" என்று மொழிபெயர்த்தான். வழிகாட்டி எதை எப்படிச் சொன்னானோ, அவன் எதை என்னவென்று புரிந்துகொண்டானோ, யார் கண்டது? ஹுஸ்தா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள்.

வருஷம் போயிற்று. "உன் கொம்பாத்ரே ஏரோப்ளேன்ல கிளம்பிட்டாராம்டி, கூரையைப் பிரிச்சு வை, இறங்குறதுக்கு வசதியா இருக்கும்," என்று அண்டை வீட்டுக்காரிகள் கிண்டல் பண்ணுவார்கள். ஹுஸ்தாவும் சேர்ந்து சிரிப்பாள்.

நெலிடாவின் ஐந்தாவது வயதில் அந்தச் சிரிப்பும் நின்றது. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் ஆலங்கட்டி மழையில் முழுக்க நனைந்து வந்தாள். மறுநாள் நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல். மண் சரிந்து சாலை மூடிக் கிடந்தது. மூன்றாம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது.

செத்த பிள்ளைக்குக் கடைசி உடுப்பை ஞானத்தகப்பன்தான் கொண்டுவந்து தன் கையால் போட்டுவிட வேண்டும். பெற்றவள் கை அதில் படக்கூடாது. தாய் உடுத்தி அனுப்பினால் பிள்ளைக்குக் கிளம்ப மனசு வராது, பாதி வழியில் நின்றுகொண்டு திரும்பித் திரும்பிப் பார்க்கும் என்பார்கள். நெலிடாவுக்கு யார் வருவார்? வேறு ஒருவரும் அந்த வேலைக்குக் கை நீட்டவில்லை. ஹுஸ்தாவே பள்ளிக்கூட ஸ்வெட்டரை மாட்டி அனுப்பினாள். மூன்று வருஷமாக அவள் சரியாக அழவில்லை. அழுதால் பிள்ளை திரும்பிப் பார்த்துவிடுமே என்ற பயம்.

அந்தப் பிள்ளைக்கு வேண்டிய ஒரே ஆள் இப்போது நாலு எட்டு முன்னால், புதுச் செருப்பு மாதிரி பளபளக்கும் பூட்ஸ் போட்டுக்கொண்டு, பழைய கோட்டையைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தான்.

முதல் நாள் ஆற்றுக்கு இறக்கம். இரண்டாம் நாள் ஏற்றம், முழங்கால் கழன்றுவிடும் ஏற்றம். பெண்டாட்டியும் மகளும் பைகளைக் கழுதை மேல் போட்டுவிட்டார்கள். ஹென்ரிக் மட்டும் தன் பையைத் தரவில்லை. மெல்சோர் இரண்டு தடவை கை நீட்டினான். இரண்டு தடவையும் அவன் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினான்.

"அப்படி என்னதான் வெச்சிருக்கான் அதுல? தங்கமா?" என்றாள் ஹுஸ்தா. "வாய்ல நுரை தள்ளுது, பையை மட்டும் விடமாட்டேங்கிறான்."

இந்தத் தடவை வந்த வழிகாட்டி ஆபெல் சின்னப் பையன்தான், இருபத்துமூன்று இருக்கும். நகரத்தில் படித்தவன், இந்த ஊர்க் கதையெல்லாம் தெரியாது. அவனிடம் போய்க் கேட்டாள். "தம்பி, அந்த ஆளுகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும். நான் சொல்றதை அப்படியே சொல்வியா?"

முழுக்கக் கேட்டதும் ஆபெல் முகம் வெளிறிப்போனது. "அக்கா, வேணாம்க்கா. சந்தோஷமா லீவுக்கு வந்திருக்காங்க. செத்த பிள்ளை கதையைக் கொண்டுபோய் நான் எப்படிச் சொல்வேன்? அவரு வேற ஆளாக்கூட இருக்கலாம். இடது கைக்காரன் உலகத்துல ஒருத்தனா?"

"நீ பெத்துப் பாரு, அப்பத் தெரியும்," என்றுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

மத்தியானம் ஹுஸ்தாவும் மெல்சோரும் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது, ஹென்ரிக்கின் மகள் லீனா கழுதையின் காதைச் சொறிந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு முன்பற்கள் பெரிசு பெரிசாக முளைத்திருந்தன.

"அவளுக்கு ஒம்பதாம். ஆபெல் சொன்னான்," என்றாள் ஹுஸ்தா. "நம்மவளுக்கு இப்ப எட்டு. இவ காது வரைக்கும் வருவா."

"ஹுஸ்தா."

"என்ன? தப்பா? எண்ணிப் பாரு."

"அவளுக்கு அஞ்சு." மெல்சோர் கத்தியைக் கீழே வைத்தான். "அஞ்சோட நின்னு போச்சு. ஊர்ல எவனும் எண்ணலை. நீ மட்டும் வருஷா வருஷம் வயசைக் கூட்டிக்கிட்டே போனா, என்னால முடியலடி."

ஹுஸ்தா கிழங்கைத் தோலோடு சேர்த்துப் பாதியாகச் சீவித் தள்ளினாள்.

மூன்றாம் நாள் கோட்டை. பனிமூட்டம் விலகியதும், மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும் சுவர்களில் வெள்ளைக் கல்லால் பதித்த, ஒட்டகம் போலக் கழுத்து நீண்ட லாமா மிருகங்கள் தெரிந்தன. லீனா படிகளில் ஏறி இறங்கி ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். ஒரு பெரிய லாமாவுக்குப் பக்கத்தில் குட்டி ஒன்று இருந்தது. அவள் அதைக் கட்டிக்கொள்ள, ஹென்ரிக் படம் பிடித்தான். கல் குட்டிக்குக்கூடத் தாய் பக்கத்தில் இருக்கிறது என்று நினைத்தபோது ஹுஸ்தாவுக்கு வயிறு எரிந்தது.

சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு நேராக அவனிடம் போனாள். அவன் நிமிர்ந்து, முன்பின் தெரியாதவளைப் பார்த்துச் சிரிப்பதுபோலச் சிரித்தான். அந்தச் சிரிப்பு போதும். ஹுஸ்தாவும் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டே, தன் கெச்சுவா பாஷையில் சொன்னாள்:

"நல்லா சாப்பிடு கொம்பாத்ரே. வயிறு முட்டச் சாப்பிடு. உன் பிள்ளை அங்க மண்ணுக்குள்ள குளிர்ல கிடக்கா, நீ கல்லைப் பாத்துக்கிட்டுத் திரி."

ஹென்ரிக் இரண்டு கையாலும் தட்டை வாங்கினான். தலையைக் குனிந்து, எங்கேயோ கற்றுக்கொண்ட ஒரே ஒரு கெச்சுவா வார்த்தையைத் தப்பும் தவறுமாகச் சொன்னான். "நன்றி" என்பதுதான் அந்த வார்த்தை.

பின்னால் நின்ற ஆபெலுக்கு எல்லாம் கேட்டிருந்தது. "அக்கா!" என்றான், அவ்வளவுதான். ஹென்ரிக் அவனிடம் ஏதோ கேட்டான். ஆபெல் எதையோ மழுப்பிச் சொன்னான். ஹென்ரிக் மறுபடியும் அவளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தான். ஹுஸ்தா பாறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். நன்றி சொல்கிறவனை யாராவது சபிப்பார்களா? தன் நாக்கை நினைத்து அவளுக்கே கூசியது.

நாலாம் நாள் மத்தியானம் மேலே, கிளம்பிய இடமான ஹுஸ்தாவின் ஊர் எல்லைக்கே வந்து சேர்ந்தார்கள். மெல்சோர் சுமைகளை இறக்கிக்கொண்டிருந்தான். ஆபெல் ஓடி வந்தான். கையில் ஒரு புகைப்படம்.

"அக்கா, இவரு ஒரு ஊருக்குப் போகணும்ங்கிறாரு. முதல் நாளே கேட்டாரு, கடைசி நாள் பாத்துக்கலாம்னு நான்தான் தள்ளிப்போட்டேன். ஊர் பேரு தெரியலையாம், இந்தப் படம்தான் இருக்கு. இதுல இருக்கறவங்களைத் தேடித்தான் இந்த லீவுக்கே வந்தாராம்..." அவன் குரல் இறங்கிவிட்டது. "அக்கா, இது நீங்கதானே?"

படத்தில் மழை பெய்துகொண்டிருந்தது. ஹுஸ்தா தொப்பியில்லாமல், கன்னம் உப்பச் சிரித்துக்கொண்டிருந்தாள். மடியில் நெலிடா, கழுத்தில் கம்பளித் துண்டு, வாயைப் பிளந்து கத்திக்கொண்டிருந்தாள். நெலிடாவுக்கு வேறு படமே கிடையாது. ஹுஸ்தா மூன்று வருஷத்துக்குப் பிறகு தன் மகள் முகத்தைப் பார்த்தாள்.

ஹென்ரிக் பக்கத்தில் வந்து நின்றான். ஹுஸ்தா தொப்பியைக் கழற்றினாள். அவன் படத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடியும் படத்தைப் பார்த்தான். "ஓ!" என்று கத்திவிட்டு, கழுதை மிரளும்படி மெல்சோரைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். பெண்டாட்டியையும் மகளையும் கூவி அழைத்தான். அப்புறம் முழங்காலிட்டு உட்கார்ந்து, நாலு நாளாக யாருக்கும் தராத அந்தப் பையைத் திறந்தான்.

உள்ளே துணிக்குள் துணியாகச் சுற்றி வைத்திருந்தது ஒரு மழைக்கோட்டு. சின்னப் பெண்ணுக்கானது, எலுமிச்சம்பழ மஞ்சள்.

"அன்னைக்கு ஊரே நனைஞ்சுக்கிட்டு இருந்துச்சாம், பிள்ளையும் நனைஞ்சு இருந்தாளாம். அதனால மழைக்கோட்டுதான் வாங்கணும்னு தோணிச்சாம்." ஆபெல் தரையைப் பார்த்துக்கொண்டே மொழிபெயர்த்தான். "நசுங்கிடக் கூடாதுன்னு தானே சுமந்துட்டு வந்தாராம். அவ எங்கேன்னு கேக்குறாரு. அளவு சரியா இருக்குமான்னு கேக்குறாரு."

ஹென்ரிக் கோட்டின் கழுத்தை விரித்துக் காட்டினான். உள்ளே தைத்திருந்த வெள்ளைத் துணியில் ஓர் எண். ஹுஸ்தாவுக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும்.

எட்டு.

இந்த உலகத்தில் இன்னொருவனும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறான். கடலுக்கு அந்தப் பக்கம், பெயர் தெரியாத ஏதோ ஓர் ஊரில் உட்கார்ந்துகொண்டு, வருஷா வருஷம் இவள் பிள்ளைக்கு ஒரு வயது கூட்டியிருக்கிறான்.

"சரிதான்னு சொல்லு," என்றாள் ஆபெலிடம். "எட்டுதான். கணக்கு தப்பலைன்னு சொல்லு."

பிறகு ஹென்ரிக்கின் இடது மணிக்கட்டைப் பிடித்தாள். ஊருக்கு மேலே, கல்லறைகள் இருக்கும் சரிவைப் பார்த்து நடந்தாள். அவன் சிரித்துக்கொண்டேதான் வந்தான். முதல் சிலுவைகள் தெரிந்ததும் சிரிப்பு நின்றது. ஹுஸ்தா கையை விடவில்லை. நீல வர்ணம் அடித்த ஒரு குட்டிச் சிலுவைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். அவள் இடுப்பு உயரம்தான் அது.

அவன் சிலுவையிலிருந்த பெயரைப் படித்தான். அவன் பெண்டாட்டி லீனாவை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"இப்ப சொல்லு தம்பி," என்றாள் ஹுஸ்தா. "கடைசி உடுப்பை ஞானத்தகப்பன்தான் போடணும். ஞானத்தகப்பன் இல்லாம நான் போட்டு அனுப்பிட்டேன். இவரு கையால போடச் சொல்லு. அவ கிளம்பட்டும். அப்புறம்... நேத்து நான் சொன்னதை மட்டும் இவருகிட்ட எப்பவும் சொல்லிடாதே."

"சொல்லமாட்டேன்க்கா," என்றான் ஆபெல். மற்றதையெல்லாம் சொன்னான்.

ஹென்ரிக் மண்டியிட்டான். மழைக்கோட்டைச் சிலுவையின் பின்பக்கமாகக் கொண்டுவந்து, ஒரு மரக்கையை ஒரு சட்டைக்கைக்குள் விட்டான், பிறகு மற்றதை. தூங்குகிற பிள்ளையின் கையை வளைப்பதுபோல அத்தனை பதமாக. கீழேயிருந்து ஒவ்வொரு பித்தானாக, இடது கையால், நாக்கைக் கடித்துக்கொண்டு போட்டான். கண்ணீர் தாடியில் இறங்கிக்கொண்டிருந்தது, அவன் துடைக்கவில்லை. கடைசிப் பித்தானைப் போட்டதும் கோட்டோடு தைத்திருந்த தொப்பியைச் சிலுவைத் தலையில் இழுத்துவிட்டான்.

கோட்டின் விளிம்பு தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. கைகள் நீளமாகத் தொங்கின.

மெல்சோர் ஹுஸ்தாவின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். "பெருசா இருக்கு அவளுக்கு," என்றான்.

"நீ அவளை அஞ்சாவே பாக்கறய்யா," என்றாள் ஹுஸ்தா. "எட்டு வயசுக்குச் சரியாத்தான் இருக்கும்."

மேற்கே மேகம் கறுத்து வந்துகொண்டிருந்தது. ஹுஸ்தா மகளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டாள், பிள்ளை தயங்காமல் போகட்டும் என்று. பிறகு ஓவென்று வாய்விட்டு அழுதாள்.