கோல்கீப்பரின் மீசை

இந்தக் காலத்தில் எவனுக்கும் ஒரு பொருளைக் கீழே வைக்கத் தெரியவில்லை, போடத்தான் தெரிகிறது. இப்படி முனகிக்கொண்டேதான் கிழவர், மருமகள் கொடுத்துவிட்டுப் போன டப்பாவைத் திறந்தார். மேசைமேல் விரலால் சுண்டி ஆடும் கால்பந்து. சுண்டுவிரல் உயரத்தில் பதினோரு பிளாஸ்டிக் ஆட்கள். மகனுடையது. மகன் செத்து இரண்டு மாதம் ஆகிறது.

அதற்கு முன்னால் ஏழு வருஷம் அப்பனும் பிள்ளையும் பேசவில்லை. கேட்காமல் கல்யாணம் பண்ணிக்கொண்டான் என்று இவருக்கு ஆத்திரம். கட்டினவளோடு வந்தவனை வாசலோடு அனுப்பினார் என்று அவனுக்கு. சாமான் ஒதுக்கும்போது தவறவிட்டதில் கோல்கீப்பருக்குக் கால் உடைந்துவிட்டதாம். அதற்குமேல் அவளும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

அவனுக்கு இந்த ரிப்பேர் வேலையைச் சொல்லிக் கொடுத்ததே இவர்தான். கணுக்காலில் ஊசியால் துளை போட்டு, மயிரிழைச் செம்புக் கம்பியைச் சொருகி, ஊசிமுனையில் பசை தொட்டு வைத்தார். நின்றுவிட்டது. ஆனால் மூக்குக்குக் கீழே யாரோ வெள்ளைப் பெயின்டை அப்பியிருந்தார்கள். தலையில் முன்பாதியைச் சுரண்டி வழுக்கையாக்கி வைத்திருந்தார்கள். படித்துப் படித்துச் சொல்லியும் உருப்படவில்லையே என்று தின்னரில் பஞ்சை நனைத்துத் துடைத்தார். வெள்ளைக்கு அடியில் கறுப்பு வந்தது. அதையும் துடைத்தார். தலைக்குக் கறுப்பு அடித்ததும் கடையில் அன்றைக்கு வாங்கியதுபோல் ஆகிவிட்டான் கோல்கீப்பர்.

மறுநாள் மருமகள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார். அவள் பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மீசை எங்க மாமா?"

"அந்த அசிங்கத்தையா கேக்குற? துடைச்சுட்டேன்."

அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள். "அது நீங்க மாமா. எப்பவும் உங்களைத்தான் கோல்ல நிறுத்துவாரு. எங்கப்பனைத் தாண்டி ஒரு பந்து உள்ள போயிடுமான்னு கேப்பாரு."

"வேற ஆளைப் பாரு. அவன் என்னைக் கடைசியாப் பாத்தப்ப என் மீசை கறுப்பு."

"முதல்ல கறுப்பாத்தான் வச்சிருந்தாரு. மாசம் ஒரு தடவை உங்க தெருமுனை வரைக்கும் வந்து உங்களைப் பாத்துட்டுப் போவாரு. போன வருஷம் ஒரு நாள் வந்து, அப்பாவுக்கு நரைச்சிடுச்சுன்னு சொல்லிட்டு, உக்காந்து வெள்ளை அடிச்சாரு."

கிழவர் செருப்பை மாட்டினார். மாட்ட வரவில்லை, காலால் தேடித் தேடி மாட்டினார்.

"கதை விடாதம்மா. அவ்வளவு தூரம் வந்தவனுக்கு இன்னும் நாலு எட்டு வைக்கத் தெரியாதா?"

பதிலுக்கு நிற்கவில்லை. பஸ் ஏறி இறங்கி, தன் தெருமுனைக்கு வந்ததும் கால் தானாக நின்றது. அங்கிருந்து பார்த்தார். அவர் வீட்டு ஜன்னல் தெரிந்தது. உள்ளே அவர் உட்கார்ந்து வேலை செய்யும் நாற்காலியின் முதுகுகூடத் தெரிந்தது. பொய் சொல்கிறாள் என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டு, வீட்டுப் பக்கம் திரும்பாமல் வேறு தெருவில் நடந்தார்.