கமிட்டிக்குக் காட்டிய கை

ஊசி ஆரம்பித்து மூன்று மாதம் ஆனபோது அவள் ஒரு பாட்டில் மூடியைத் தன் கையாலேயே திறந்தாள். திறந்ததை மூடி, மூடியதைத் திறந்து, கொஞ்ச நேரம் அதே விளையாட்டாக இருந்தாள். "விடும்மா, மரை தேஞ்சிடப் போகுது" என்று சிரித்தான் கணவன். அவன் லிஃப்ட் மெக்கானிக். மரை தேய்வதைப் பற்றிப் பேச அவனுக்கு உரிமை உண்டு.

அதற்கு முந்தைய நான்கு வருஷம் அவள் பட்ட பாடு சொல்லி மாளாது. முடக்குவாதம். காலையில் எழுந்தால் விரல் மடங்காது, மடங்கினால் நிமிராது. மாத்திரைகள் மாறிமாறி வந்தன. ஒன்று சாப்பிட்டதையெல்லாம் வெளியே தள்ளியது. இன்னொன்று வலியை அடக்கிவிட்டு முகத்தை ஊதவைத்தது. கண்ணாடியில் வேறு யாரோ ஒருத்தி நின்றாள். கடைசியில்தான் இந்த ஊசி. பதினைந்து நாளுக்கு ஒன்று, வயிற்றில், தானே குத்திக்கொள்ளலாம். அதன் விலை அவர்களுக்கு எட்டாக்கனி. ஆனால் ஆஸ்பத்திரியில் ஒரு கமிட்டி இருந்தது. அது கையைப் பார்த்துத் தலையாட்டினால் இலவசமாகக் கிடைக்கும். வருஷம் முடிந்ததும் மறுபடி கூப்பிட்டுப் பார்ப்பார்கள்.

அவளுக்கு வேலை பல் செட் செய்யும் லேபில். பிளாஸ்டர் அச்சின் மேல் மெழுகு வைத்து, ஒவ்வொரு பல்லாக நட்டு, சூடு காட்டிய சின்னக் கத்தியால் ஈறு செதுக்க வேண்டும். முன்பல் வரிசை என்றால் முதலாளி அவளைத் தவிர யாரிடமும் கொடுக்கமாட்டார். அவள் ஏதாவது ஒரு பல்லை மயிரிழை திருப்பி வைப்பாள். எல்லாம் நேராக நின்றால் பொய்ப்பல் என்று ஊருக்கே தெரிந்துவிடும் என்பாள். பேசுகிறவர்களின் கண்ணைப் பார்க்காமல் வாயைப் பார்க்கிற கெட்ட பழக்கமும் அவளுக்கு உண்டு. பாதிப் பேர் அவளிடம் வாயைப் பொத்திக்கொண்டுதான் பேசுவார்கள். ஊசி வந்த பிறகு அந்தக் கத்தி மறுபடி அவள் கையில் நின்றது. அவள் கேட்டதும் அவ்வளவுதான். மலையைத் தூக்கவா கேட்டாள்?

கமிட்டி நாள் நெருங்கியது. ஆஸ்பத்திரி பெஞ்சில் பழக்கமான டிரைவிங் ஸ்கூல்காரர் ஒருவர் இருந்தார். அவருக்கும் இதே ஊசி, நோய் முழங்காலில். அவர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

"நல்லா இருக்கேன்னு வாயை விட்டுட்டேம்மா. அப்ப மாசத்துக்கு ஒண்ணு போதும்னு குறைச்சிட்டாங்க. இப்ப கிளட்ச் மிதிக்க முடியல."

கூடப் போயிருந்த கணவனுக்கு அன்று வீட்டுக்கு வந்ததிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. சட்டையைக்கூட மாற்றாமல் எதிரில் உட்கார்ந்தான்.

"நல்லா ஓடுற லிஃப்டுக்கு எந்தக் கட்டடத்துக்காரனாவது புது ரோப் போட்டுத் தருவானா? தரமாட்டான். கட்டடக் கமிட்டி பாக்க வர்ற அன்னிக்கு நான் பிரேக்கை ஒரு சுத்து லூஸ் பண்ணி வைப்பேன். நாலாவது மாடியில ஒரு குலுக்கு குலுக்கும். செக்ரட்டரி மூஞ்சி வெளுத்துடும். உள்ளயே நின்னு சரின்னுடுவாரு. நான் வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து இப்படித்தான் நடக்குது."

"நான் என்ன லிஃப்டா?"

"கமிட்டின்னா எல்லாம் ஒண்ணுதாம்மா. முதல் தடவை எப்படிக் குடுத்தாங்க? கை பூரி மாதிரி வீங்கியிருந்துது, குடுத்தாங்க. இப்ப நீ போய் விரலை மடக்கி மடக்கிக் காட்டினா என்ன பண்ணுவாங்க? யோசி. கமிட்டி முடியுற வரைக்கும் ஊசியைப் போடாம வெச்சிரு."

"டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுடலாமே."

"கேட்டா போடுன்னுதான் சொல்வாரு. அவருக்கென்ன, அவர் கையா?"

அவள் ஒத்துக்கொண்டாள். ஏன் ஒத்துக்கொண்டாள் என்று கேட்டால், அந்த நான்கு வருஷமும் அவளுக்கு ரவிக்கை ஊக்கு போட்டுவிட்டவன் அவன். தலை வாரிவிட்டவன். கூசாமல் எல்லாம் செய்தவன். அப்படிப்பட்டவன் என் கெடுதலுக்கா சொல்வான் என்று நினைத்தாள். கூடவே பயம். பயந்தவளுக்கு யார் உறுதியாகப் பேசினாலும் அது வேதவாக்கு.

முதல் ஊசியைப் போடாமல் விட்டபோது ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவதை விட்டபோது காலையில் விரல்கள் முரண்டு பிடித்தன. மூன்றாவதும் ஃபிரிட்ஜில் பால் பாக்கெட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தபோது, மணிக்கட்டு வீங்கி, வளையல் ஏறவில்லை. லேபில் கத்தி நழுவி ஒரு அச்சின் ஓரத்தை உடைத்தது. அவன் அவள் விரல் முட்டிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான்.

"நல்லா வந்திருக்கு" என்றான்.

வலியில் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இருந்தும் அவன் முகத்தில் இருந்த திருப்தியைப் பார்த்துச் சிரித்துவைத்தாள்.

கமிட்டி அறையில் இருந்த டாக்டரம்மாவுக்குக் கீழ்ப்பல் இரண்டு ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தன. அவர் அவள் விரல் மூட்டுகளை ஒவ்வொன்றாக அழுத்தினார். அவள் துடித்தாள். நடிப்பே தேவைப்படவில்லை.

"ஊசியெல்லாம் தவறாம போட்டீங்களா?"

"ஒண்ணுகூட விடல டாக்டர்" என்றான் கணவன். கேள்வி அவனிடம் கேட்கப்படவில்லை.

"அப்ப மருந்து கேக்கல. போடறதுக்கு முன்னாடி இருந்ததைவிட மோசமா இருக்கு. நிறுத்திடலாம்."

அவன் சிரித்த முகம் சிரித்தபடியே இருந்தது. காதில் விழுந்தது உள்ளே போய்ச்சேரக் கொஞ்சம் நேரமாயிற்று.

"இல்ல டாக்டர், வீக்கம் இருந்தாத்தானே குடுப்பீங்க?"

"முதல் தடவை அப்படித்தான். வீக்கம் இருக்கிறவங்களுக்குத்தான் ஆரம்பிப்போம். அதுக்கப்புறம் வீக்கம் குறைஞ்சாத்தான் தொடர்ந்து தருவோம். வேலை செய்யாத மருந்தை எதுக்குங்க உடம்புல ஏத்தணும்?"

"நல்லா இருந்தாக் குறைச்சிடுவீங்களே" என்றாள் அவள்.

"குறைச்சுப் பார்ப்போம். தாங்கலேன்னா பழையபடி குடுத்துடுவோம். அதுல என்ன இருக்கு?"

அதில் என்ன இருக்கு. அவள் தன் மடியில் கிடந்த கைகளைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, "நாங்க போடல டாக்டர். மூணு ஊசி போடாம இருந்துட்டோம்" என்றாள்.

டாக்டரம்மா கீபோர்டிலிருந்து கையை எடுத்தார். அவருக்குக் கோபம் வந்ததா, களைப்பு வந்ததா என்று தெரியவில்லை. நிதானமாகத்தான் பேசினார்.

"நான் இதை எழுதினா நீங்க மருந்தை ஒழுங்கா எடுக்காதவங்கன்னு ஆயிடும். அப்படிப்பட்டவங்களுக்கு இந்தத் திட்டத்துலயே இடம் கிடையாது. நாளைக்குப் புதுசா வேற மருந்து வந்தாலும் உங்களைச் சேர்க்கமாட்டாங்க. எழுதட்டுமா?"

"அவளுக்கு வலியில ஒண்ணும் ஞாபகம் இல்ல டாக்டர்" என்று கணவன் முந்திக்கொண்டான். "எல்லாம் போட்டாச்சு. நான்தானே கூட இருந்தேன்."

டாக்டரம்மா அவளைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். மருந்துக்குப் பலனில்லை என்று பதிவானது. பழைய மாத்திரைகள் அதே அளவில் திரும்பி வந்தன.

வீட்டுக்கு வந்ததும் அவன் முதலில் செய்த காரியம் ஃபிரிட்ஜைத் திறந்ததுதான். விட்டுப்போன ஊசிகளை இனி ஏன் வீணாக்க வேண்டும் என்றான். போட்டாள். இரண்டாவதுக்குள் வீக்கம் வடிந்தது. மூன்றாவது போட்ட வாரம் லேபில் ஒரு பெரியவருக்கு மேல்வரிசை முழுவதும் நட்டு, ஓரத்துப் பல்லை மயிரிழை திருப்பியும் வைத்தாள். மருந்து அவள் உடம்பில் எப்படி வேலை செய்தது என்பதை அவள் கை அவளுக்குக் கடைசியாக ஒருமுறை காட்டியது. பிறகு ஊசி தீர்ந்தது. கை மூடிக்கொண்டது. முதலாளி நல்ல மனுஷர். "கொஞ்ச நாள் போன் மட்டும் பாரும்மா" என்று சொல்லி, சுவர் எழுப்புகிற மாதிரி பல்லை அடுக்குகிற ஒரு சின்னப் பெண்ணிடம் கத்தியைக் கொடுத்தார்.

அவளுக்குக் கணவன் மேல் அப்படி ஒரு வெறுப்பு. அவன் கொடுமைக்காரனாக இருந்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். இவனோ மறுபடி ஊக்கு போட்டுவிட்டான், தலை வாரிவிட்டான், ஒரு வார்த்தை அலுத்துக்கொள்ளவில்லை. ஆனால் விசாரிக்கிறவர்களிடமெல்லாம் "மருந்து கேக்கலங்க, அவ உடம்பு வாகு அப்படி" என்றான். முதலில் தப்பிக்கச் சொன்னான். சொல்லிச்சொல்லி அவனுக்கே அது நிஜமாகிவிட்டது. இப்போது அதைச் சொல்லும்போது அவன் குரல் தழுதழுத்தது.

நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தார்கள். கணவனின் அக்கா அவர். தட்டில் டீ வந்தது. அவளால் கப்பைப் பிடிக்க முடியவில்லை. அவன் தன் கப்பைக் கீழே வைத்துவிட்டு, அவள் கப்பை எடுத்து, ஊதி ஆற்றி, அவள் வாயருகில் பிடித்தான். அறையில் இருந்தவர்களெல்லாம் அதைப் பார்த்தார்கள்.

"இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்" என்றார் நாத்தனார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"என்னக்கா பண்றது" என்றான் அவன். "அந்த ஊசி மட்டும் கேட்டிருந்தா..."

"கேட்டுது அண்ணி" என்றாள் அவள். "நல்லாவே கேட்டுது. நான் மறுபடி லேபுல கத்தி பிடிச்சேன். போடாம இருன்னு சொன்னது இவருதான். அதனாலதான் நிறுத்திட்டாங்க."

அவன் கையில் கப் அப்படியே நின்றது. நாத்தனார் தம்பியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு பிஸ்கட் தட்டைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.

"சரி விடும்மா. உன் நல்லதுக்குன்னுதானே சொல்லியிருப்பான். அவன் வேற எதுக்குச் சொல்லப் போறான்?"

அவளுக்குச் சொல்ல இன்னும் நிறைய இருந்தது. சொல்வதற்காக வாயைத் திறந்தாள். அவன் அடுத்த மடக்கை ஊற்றினான்.