மீடியம் விட்ட மூச்சு

பெண்களுக்கான பேண்ட் தைக்கும் அந்தக் கம்பெனியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவள் மீடியம்தான். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருத்தி இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, அக்கா தமிழ் மீடியமா இங்கிலீஷ் மீடியமா என்று பவ்வியமாகக் கேட்டபோது, செக்கிங் மேசையில் இருந்தவர்கள் சாயங்கால மணி அடிக்கும்வரை நினைத்து நினைத்துச் சிரித்தார்கள்.

பெயர் வந்த கதை இதுதான். பன்னிரண்டு வருடம் முன்பு ஒருநாள், மாடியிலிருந்து பேட்டர்ன் மாஸ்டர் கழுத்தில் இன்ச் டேப்போடு கீழே இறங்கி வந்தார். மாஸ்டர் என்றாலும் பெண்தான். துணியை வெட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு பாகத்தையும் அட்டையில் வரைந்து தருவது அவர் வேலை. அதுவரை மாதிரி பேண்ட்டைப் பொம்மைக்கு மாட்டித்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொம்மைக்கு உட்காரத் தெரியாது. உயிருள்ள உடம்பு ஒன்று வேண்டும், இடுப்பு முப்பது, பின்புறத்தின் அகலமான இடம் நாற்பது என்றார் மாஸ்டர். பத்தொன்பது பேரை நிற்கவைத்து அளந்தார். இருபதாவதாக நின்றவள் அச்சில் வார்த்ததுபோல அந்த அளவில் இருந்தாள்.

அன்றிலிருந்து புதன்கிழமைதோறும் அவள் மாடிக்குப் போவாள். சாம்பிள் ரூமில் ஒரு திரை, ஒரு பெரிய கண்ணாடி, ஒரு ஸ்டூல். புது பேண்ட்டைப் போட்டுக்கொண்டு நிற்பாள், குனிவாள், உட்கார்ந்து எழுவாள். வாய் நிறையக் குண்டூசிகளோடு மாஸ்டர் அவளைச் சுற்றி வருவார். இறுக்குதா என்று பல்லிடுக்கில் கேட்பார். "இல்ல மாஸ்டர், சரியா இருக்கு" என்பாள் அவள். பன்னிரண்டு வருடமாக அங்கே அவள் பேசிய பேச்சு கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

அவள் உடம்பிலிருந்துதான் மற்ற அளவுகளெல்லாம் பிறந்தன. ஸ்மாலுக்குச் சுற்றிலும் இரண்டு அங்குலம் குறைப்பார்கள், லார்ஜுக்கு இரண்டு அங்குலம் கூட்டுவார்கள். அதில் அவளுக்கு ஒரு ரகசியப் பெருமை. பஸ்ஸில் முன்னால் நிற்கும் பெண்ணின் பேண்ட்டில் பை வெட்டியிருக்கும் சாய்வைப் பார்த்தே, இது நம்முடையது என்று கண்டுபிடித்துவிடுவாள். வீட்டுக்கு வந்து கணவனிடம் மட்டும், இன்றைக்கு மூன்று பேர் என்பாள். லிஃப்ட் பழுது பார்க்கிற அந்த மனிதருக்கு அது புரிந்ததோ இல்லையோ, மூன்றா என்று கண்ணை விரிப்பார்.

அவளுடைய அக்காவின் கதை வேறு. ஆஸ்பத்திரி ஒன்றில் வருகிறவர்களின் விவரத்தைப் பதிந்து சீட்டு கொடுக்கும் கவுன்டரில் அவளுக்கு வேலை. எட்டு மணி நேரமும் உட்கார்ந்தபடிதான். தோளும் கையும் ஒல்லி, இடுப்பு சின்னது, அதற்குக் கீழே தாராளம். தொடைக்குச் சரியான பேண்ட் எடுத்தால் இடுப்பில் இரண்டு கையையும் நுழைக்கலாம். இடுப்புக்குச் சரியானது முழங்காலைத் தாண்டாது. இருவரும் துணிக்கடைக்குப் போனால், ட்ரையல் ரூமுக்கு வெளியே கை நிறையப் பேண்ட்டுகளைச் சுமந்துகொண்டு நிற்பது தங்கையின் வேலை. ஒருமுறை அலுத்துப்போய், "கொஞ்சம் வாயைக் கட்டினா எல்லாம் தானா சரியாகிடும்க்கா" என்று சொல்லிவிட்டாள். கதவுக்கு மேலாக ஒவ்வொரு பேண்ட்டாக வெளியே வந்தது. அன்று அக்கா எதுவும் வாங்கவில்லை.

நாற்பத்திரண்டு வயதில் மீடியத்தின் மாதக் கணக்கு தப்ப ஆரம்பித்தது. கூடவே உடம்பும் தன் இஷ்டத்துக்கு நடந்துகொண்டது. எடை கூடவில்லை, இருந்த எடை இடம் மாறியது. பின்புறம் வற்ற, வயிறு முன்னால் வந்தது. எப்போதும் சாப்பிடுவதைத்தான் சாப்பிட்டாள், எப்போதும் ஏறும் படிகளைத்தான் ஏறினாள். ஒரு புதன்கிழமை சாம்பிள் பேண்ட்டின் பொத்தான், காஜாவுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் நின்றுகொண்டு உள்ளே போக மறுத்தது.

திரைக்குப் பின்னால் நின்றவள் இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள். மீடியம் இல்லையென்றால் அவள் யார்? செக்கிங் மேசையில் நூல் வெட்டுகிற முப்பது பேரில் ஒருத்தி. மூச்சை இழுத்து வயிற்றை உள்ளே தள்ளினாள். பொத்தான் ஏறிவிட்டது. வெளியே வந்து, சரியாக இருக்கிறது என்றாள்.

அதன்பிறகு செவ்வாய்க்கிழமை இரவுச் சாப்பாட்டை நிறுத்தினாள், புதன் காலையில் வெறும் தண்ணீர். மாஸ்டர் டேப்பை எடுத்தாலும் அது அவள் இழுத்துப் பிடித்த வயிற்றைத்தான் அளந்தது. முப்பது என்று குறித்துக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் புது டிசைன் ஒன்று வந்தது. இழுத்தால் நீளாத முரட்டுத் துணி, தொப்புளுக்கு மேலே ஏறி நிற்கும் இடுப்புப் பட்டி. அவள் எவ்வளவு மூச்சை இழுத்திருந்தாளோ, முன்பக்கத்தில் அவ்வளவு துணி தளர்ந்து மடிந்தது. இங்கே லூசாகத் தொங்குகிறதே என்று மாஸ்டர் அதைப் பிடித்து ஊசி குத்தினார். உட்காரச் சொன்னார். அவள் உட்கார்ந்து, மனதுக்குள் இருபது எண்ணிவிட்டு எழுந்தாள். இறுக்குதா என்றார். இல்லை என்றாள். அட்டை வெட்டியாயிற்று, எல்லா அளவுகளும் அதிலிருந்து வரைந்தாயிற்று.

கண்ணாடி முன் நிற்கும்போது அந்தப் பேண்ட் யாருக்கும் எடுப்பாகத்தான் இருந்தது. கடைகளில் நன்றாகப் போனது. அக்காகூடத் தங்கை கம்பெனிச் சரக்கு என்று ஆசையாக லார்ஜில் ஒன்று வாங்கி, இடுப்பைப் பிடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை அவள் வீட்டுக்குப் போனபோது, அக்கா மேல்சட்டையைத் தூக்கிக் காட்டினாள். பொத்தான் திறந்தே கிடந்தது.

"நின்னா ராணி மாதிரி இருக்குடி. உட்கார்ந்தா வயித்தை அறுக்குது. கவுன்டர்ல பொத்தானைத் திறந்து விட்டுட்டுத்தான் வேலை பார்க்கிறேன். யாராவது கூப்பிட்டா எழுந்திரிக்க பயமா இருக்கு."

பிடித்துத் தைத்ததில் தப்பு நடந்திருக்கும் என்று சொல்லிச் சமாளித்தாள் தங்கை. சொல்லும்போதே, சாம்பிள் ரூமில் தான் எண்ணிய இருபது நினைவுக்கு வந்தது.

அடுத்த வாரம், கடைகளிலிருந்து திரும்பி வந்த சரக்கின் முதல் பெட்டி வந்து இறங்கியது. அதைப் பிரித்துப் பார்த்துக் குறை எழுதுவது செக்கிங் மேசையின் வேலை, அதாவது அவள் வேலை. ஒவ்வொரு பேண்ட்டிலும் கடைக்காரர் எழுதிய சீட்டு குத்தியிருந்தது. ஒன்றில் பொத்தானோடு துணியும் கிழிந்து வந்திருந்தது. ஒன்றில் ஜிப் பல் விட்டிருந்தது. ஒரு சீட்டில், ஆபீசில் நாள் முழுக்க என்னை நிற்கச் சொல்கிறீர்களா என்று வாங்கியவளே கோபமாக எழுதியிருந்தாள். பக்கத்தில் இருந்தவள் அதை உரக்கப் படித்துச் சிரித்தாள். மீடியம் அடுத்த சீட்டை எடுத்தாள். உட்கார்ந்தால் மூச்சு விட முடியவில்லை என்றிருந்தது. தான் புதன்கிழமைகளில் பிடித்து வைத்த மூச்சை, முன்பின் தெரியாத எத்தனையோ பெண்கள் நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தபோது, அவளுக்கு அங்கே உட்காரவே கூசியது.

பெட்டிகள் தொடர்ந்து வந்தன. மேனேஜர் அம்மாள் கீழே வந்து, எல்லோர் காதிலும் விழும்படி, மாஸ்டருக்குக் கண் மங்கிவிட்டதா கை நடுங்குகிறதா என்று கேட்டுவிட்டுப் போனார். அட்டையை மறுபடி சரிபார்க்கிறேன் என்று மட்டும் மாஸ்டர் சொன்னார். சாப்பாட்டு நேரத்தில், மாஸ்டருக்கு இந்த மாதத்தோடு சீட்டுக் கிழியும் என்று பேசிக்கொண்டார்கள். மீடியம் தன் டப்பாவைத் திறந்த வேகத்திலேயே மூடினாள்.

அன்று புதன்கிழமை இல்லை. ஆனாலும் மாடி ஏறினாள். மாஸ்டர் மேசையில் அட்டைகளைப் பரப்பி, திரும்பி வந்த பேண்ட் ஒன்றை மேலே வைத்து, வாயில் குண்டூசிகளோடு மூன்றாவது தடவையாக அளந்துகொண்டிருந்தார்.

"அட்டையில தப்பில்ல மாஸ்டர். தப்பு என்கிட்ட."

மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். அவள் அந்தப் பேண்ட்டை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போனாள். வழக்கம்போல மூச்சை இழுத்து மாட்டினாள். வெளியே வந்து கண்ணாடி முன் நின்று, மெதுவாக மூச்சை விட்டாள். பட்டி சதையில் பதிந்தது. பொத்தான் திமிறியது. ஜிப் தானாகக் கொஞ்சம் கீழே இறங்கியது. அவள் தலை குனிந்து நின்றாள்.

மாஸ்டர் டேப்பை எடுத்துச் சுற்றினார். முப்பத்து மூன்று. எவ்வளவு நாளாக என்று கேட்டார். பத்து மாதமாக என்றாள். கோபித்துக்கொள்வார், கத்துவார் என்று காத்திருந்தாள். மாஸ்டர் வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சுத் திண்டில் குத்தி முடித்தார்.

"பன்னிரண்டு வருஷத்துல நீங்க ஒரு தடவைகூட சரியில்லைன்னு சொன்னதில்ல. எந்த உடம்புக்கும் அப்படி எல்லாமே சரியா இருக்காதும்மா. எனக்கும் அது வசதியா இருந்தது, அதான் நான் கேக்கல."

அவள் திரைக்குப் பின்னால் போய் உடை மாற்றிக்கொண்டு வந்தாள். இருவரும் சேர்ந்தே மேனேஜர் அறைக்குப் போனார்கள். பூசி மெழுகாமல் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மேனேஜர் அம்மாள் முழுவதையும் கேட்டுவிட்டு, பேக்கிங்கில் இருக்கிற பெண்களை நாளைக்கே அளந்து வேறு மீடியத்தைப் பிடியுங்கள் என்றார். அவ்வளவு எளிதாக அது முடிந்துபோனது. மறுநாள் இருபத்து நான்கு வயதுப் பெண் ஒருத்தி அகப்பட்டாள்.

இனி மாடிப்படிக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று அவள் நூல் வெட்டிக்கொண்டிருந்தபோது, மாஸ்டரிடமிருந்து ஆள் வந்தது. திரும்பி வந்த பேண்ட்டுகளின் சீட்டுகளையெல்லாம் மாஸ்டர் உட்கார்ந்து படித்திருந்தார். புது மீடியத்தை வைத்து அட்டையைத் திருத்திவிடலாம், ஆனால் இதை எழுதியவர்களில் பாதிப் பேருக்கு அதுவும் உதவாது என்றார். வயிறு முன்னால் வந்தவளுக்குச் சுற்றிலும் இரண்டு அங்குலம் கூட்டினால், பின்னால் பை மாதிரி தொங்கும். ஒரே உடம்பை ஊதிப் பெரிதாக்கினால் இன்னொரு உடம்பு ஆகிவிடாது. மாஸ்டருக்கே பின்புறம் பலகைதான், இத்தனை வருடமாகத் தன் பேண்ட்டைத் தானே தைத்துக்கொள்கிறார் என்பது அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

மற்ற உடம்புகளுக்கும் தனி அட்டை போட்டுப் பார்க்க, சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் சாம்பிள் ரூமில் நாலு பேர் கூடினார்கள். மாஸ்டர், அவள், கேன்டீனில் டீ போடும் அம்மாள், வெளியிலிருந்து அக்கா. அக்காவைக் கூப்பிடத்தான் அவளுக்கு ரொம்பத் தயக்கமாக இருந்தது. போனில் முதலில் மூச்சு பிடித்த கதையைச் சொன்னாள். பிறகு, அன்றைக்கு ட்ரையல் ரூமுக்கு வெளியே சொன்னதையும் எடுத்தாள். அக்கா, "அதை நீ மறந்திருப்பேன்னு நினைச்சேன்" என்றாள். சனிக்கிழமை எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.

கேன்டீன் அம்மாளுக்கு வயிறு பானை, கால் குச்சி. அவருக்கு வாய் ரொம்பத் தாராளம். முதல் பேண்ட்டைப் போட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்த உடனேயே, இதில் ஒரு டீகூடக் குடிக்க முடியாது என்றார். மாஸ்டர் முன்பட்டியை ஒரு விரல் இறக்கினார், பின்பட்டியை ஏற்றினார், பக்கவாட்டில் எலாஸ்டிக்கை மறைத்துத் தைத்தார். மீடியம் அதையே போட்டுக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்து அரை மணி உட்கார்ந்தாள். பன்னிரண்டு வருடப் பழக்கத்தில் நாக்கு நுனிவரை "சரியா இருக்கு" வந்துவிட்டது. மென்று முழுங்கிவிட்டு, "இடது பக்கம் தையல் குத்துது மாஸ்டர்" என்றாள். சொன்னபிறகு ஏனோ வெட்கமாக இருந்தது. மாஸ்டர் தையலைப் பிரித்தார்.

அக்காவின் பேண்ட்தான் எல்லோரையும் படுத்திவைத்தது. தொடையை விட்டால் முழங்கால் தொளதொளத்தது, இடுப்பைப் பிடித்தால் பின்னால் சுருங்கியது. இந்தப் பேண்ட்டுக்கு என் உடம்பு மேல் ஏதோ கோபம் என்றாள் அக்கா. நான்காவது சனிக்கிழமை, பட்டியை நேராக வெட்டாமல் வளைத்து வெட்டியபோதுதான் ஒரு வழி கிடைத்தது.

இரண்டு அட்டைகளையும் எடுத்துக்கொண்டு மாஸ்டர் மேனேஜரிடம் போனார். மேனேஜர் அம்மாள் ஒன்றுக்குத்தான் சம்மதித்தார். வயிற்றுக்கு இடம் விட்ட வெட்டு தயாரிப்புக்குப் போனது. அக்காவின் வெட்டுக்குத் துணி அதிகம் வீணாகிறது, பிறகு பார்க்கலாம் என்றுவிட்டார். புது வெட்டு கடைகளுக்குப் போன பின், திரும்பி வரும் பெட்டிகள் குறைந்தன. நிற்கவில்லை, குறைந்தன. அந்த வெட்டுக்கு அளவு பார்க்க இப்போது அவளைத்தான் நிறுத்துகிறார்கள். புதன்கிழமை அந்தப் பேக்கிங் பெண்ணுக்கு, இவளுக்கு வியாழக்கிழமை. சாப்பிட்டுவிட்டுத்தான் மாடி ஏறுகிறாள்.

அக்காவின் அட்டை சுவரில் ஆணியில் தொங்கியது. ஒருநாள் மாஸ்டர் அதை எடுத்து, வெட்டு மேசையில் மிஞ்சிய கறுப்புத் துணியில் ஒரே ஒரு பேண்ட் தைத்து, பழைய செய்தித்தாளில் சுற்றி அவளிடம் கொடுத்தார். அவள் அதை அக்காவிடம் சேர்த்தாள். இரண்டு நாள் கழித்து மதிய இடைவேளையில் அக்கா கவுன்டரிலிருந்து போன் செய்தாள். காலையிலிருந்து பொத்தானைத் திறக்கவே இல்லையாம். பக்கத்துக் கவுன்டர்காரி எந்தக் கடை என்று கேட்டாளாம். உடன்பிறந்தவள் கடை என்று சொன்னாளாம்.

"முழங்காலுக்குப் பின்னாடிதான் லேசா இழுக்குது" என்றாள் அக்கா. "பரவாயில்ல, விடு."

"எந்தக் கால்ல?" என்று கேட்டுவிட்டு, தங்கை குறித்துக்கொள்ள மேசையில் கிடந்த சாக்பீஸைத் தேடி எடுத்தாள்.