ராஸ் வருகிற வியாழக்கிழமை

என் தம்பி கர்ட்டுக்கு வயிற்றெரிச்சல் வந்தால் உதிரிபாகம் வாங்க வந்துவிடுவான். அந்த ஜூன் மாதம் முழுக்க அப்படித்தான் வந்தான். முதலில் தெர்மோஸ்டாட். அப்புறம் ரேடியேட்டர் மூடி. அதற்கப்புறம் விசிறி பெல்ட். டிராக்டருக்கும் மண்வேலை இயந்திரங்களுக்கும் சாமான் விற்கிற கடை எங்கள் ஊரில் ஒன்றுதான். அதன் கவுண்டரில் நிற்கிறவள் நான். பிளாட் ஆற்றின் இந்தக் கரையில் எவனுடைய எஞ்சின் எப்படி இருக்கிறது, எவனுடைய குடும்பம் எப்படி இருக்கிறது என்பதெல்லாம் பாதிரியாருக்குத் தெரிவதற்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும்.

கர்ட்டிடம் ஒரு ஸ்கிட் லோடர் இருக்கிறது. நின்ற இடத்திலேயே சுற்றித் திரும்புகிற குட்டி இயந்திரம். முன்னால் மண் அள்ளும் தொட்டி, பின்னால் எஞ்சின். மாட்டுப்பட்டிகளைச் சமன் செய்வது, வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டுவது எல்லாம் அதை வைத்துத்தான். காலையில் சமர்த்தாக ஓடும். வெயில் ஏறி, வேலையும் கனக்கிற நேரத்தில் சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போய்விடும். நிறுத்தினால் ஆறும், ஓட்டினால் மறுபடி ஏறும்.

அதைப் பார்க்க ராஸ் ஹோல்க்விஸ்ட் வந்தான். வினை அங்கேதான் ஆரம்பித்தது. ராஸ் நல்ல மெக்கானிக். ஒமாஹாவில் பெரிய கம்பெனியில் இருந்துவிட்டு, விவாகரத்தும் ஆகி, சொந்தமாக ஒரு சர்வீஸ் லாரி வாங்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பியவன். கர்ட்டுக்கு அதில் எதுவும் பிரச்சினை இல்லை. பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷ நடன விருந்துக்கு நடீனைக் கூட்டிப் போனவன் ராஸ் என்பதுதான் பிரச்சினை. நடீன் என் தம்பி பெண்டாட்டி. அந்த விருந்தின் போட்டோ இன்னும் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில், கோப்பைகள் வைக்கிற கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. இரண்டு பேர் தலையிலும் விருந்தின் ராஜா, ராணி என்று சூட்டின கிரீடம். கூடைப்பந்து பார்க்கப் போனால் கர்ட் அந்த அலமாரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் பாப்கார்ன் தின்பான்.

ராஸ் வியாழக்கிழமைகளில்தான் எங்கள் பக்கம் வருவான். முதல் வியாழன் வந்தான், ஏதோ செய்தான், சுத்தம் பண்ணியாச்சு என்று சொல்லிவிட்டுப் போனான். சில நாள் முள் நடுவிலேயே நின்றது. அப்புறம் பழைய கதைதான். அடுத்த வியாழன் மறுபடி ராஸ். அதற்கடுத்த வியாழனும்.

சுத்தமாம், என்று என் கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டு புலம்பினான் கர்ட். தான் செய்யாத சுத்தமா என்றான். ராஸ் வேண்டுமென்றே பழுதைப் பாதியில் விட்டுவிட்டுப் போகிறானாம், மறுபடி வருவதற்கு. வந்தால் நடீனை 'டீனி' என்று கூப்பிடுகிறானாம். அவள் அவனுக்கு ஐஸ் போட்ட தேநீர் கொண்டுபோய்க் கொடுக்கிறாளாம். வியாழக்கிழமை மட்டும் வீட்டில் கொலாச்சி என்கிற இனிப்பு பன் சுடுகிறாளாம், அதுவும் நடுவில் ஆப்ரிகாட் பழம் வைத்து.

"நீ அப்ப என்னடா பண்ணிட்டிருந்த?" என்று கேட்டேன்.

"வேலைய விட்டுட்டு வந்து சமையல்கட்டுல உக்காந்திருந்தேன். அவ மொகத்தையே பாத்துட்டு. அவ ஜன்னல் பக்கம் திரும்புறாளா இல்லையான்னு."

"மெக்கானிக் பக்கத்துல நின்னிருந்தா என்ன பழுதுன்னாவது தெரிஞ்சிருக்கும்."

"அவன் பக்கத்துல நான் நிக்கிறதா?" என்றான்.

அவன் பேச்சைக் கேட்டு எனக்கே சந்தேகம் தட்டிவிட்டது. நடீன் கெட்டிக்காரி, எனக்கு அவளைப் பிடிக்கும். ஆனாலும் ஆப்ரிகாட் வைத்த கொலாச்சிக்கு மாவு பிசைந்து ஊறவைத்து எடுக்கிறதென்றால் லேசான வேலையில்லை. சும்மா ஒருத்தி அதைச் செய்வாளா? எனக்கும் எரிந்தது என்பதை ஏன் மறைக்க வேண்டும். ஒருத்திக்காக ஒருவன் லாரியைத் துடைத்து மினுக்கிக்கொண்டு வருகிறான், இன்னொருவன் போட்டது போட்டபடி வேலையை விட்டு ஓடி வருகிறான். கொடுத்துவைத்தவள்.

கர்ட் ஒரு முடிவோடு இருந்தான். வருகிற வியாழனுக்குள் பழுது என்னவென்று தானே கண்டுபிடிக்க வேண்டும், ராஸ் இனி தன் முற்றத்தில் கால் வைக்கக் கூடாது. கண்டுபிடிக்க முடியாவிட்டால் ராஸ் முன்னாலேயே நடீனிடம் கேட்டுவிடுவானாம், இவனா நானா என்று. அந்தக் கேள்வியை ஒருதடவை கேட்டுவிட்டால் பதில் எதுவானாலும் குடும்பம் பழையபடி இருக்காது. அதனால் நானும் சேர்ந்து யோசித்தேன். எஞ்சினைக் குளிர்விக்கிற கூலன்ட் அளவு சரியா? சரி. ஓடும்போது ரேடியேட்டர் தண்ணீரில் குமிழி வருகிறதா, எஞ்சின் தலைப்பக்கம் கேஸ்கெட் போயிருக்கிறதா? இல்லை. விசிறி சுற்றுகிறதா? பெல்ட்டே புதுசு. மிஞ்சியது வாட்டர் பம்ப்தான். அதை வரவழைத்தேன்.

பம்ப் புதன்கிழமை வந்தது. மதியத்துக்கு மேல் கடையில் 'வெளியே போயிருக்கிறேன்' என்று பலகை மாட்டிவிட்டு, நானே எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். ஆற்றோரம் முழுக்க காட்டன்வுட் மரங்கள் காய் வெடித்துப் பஞ்சைக் கொட்டிக்கொண்டிருந்தன. சாலையோரம், வேலி, முற்றம் எல்லாம் வெள்ளை. எங்கள் ஊரில் ஜூன் மாதம் தும்மாமல் போனவர்கள் கிடையாது.

கர்ட் முற்றத்தில் ஸ்கிட் லோடரைக் கழுவிக்கொண்டிருந்தான். மறுநாள் மெக்கானிக் வருகிறான் என்றால் முதல்நாள் இயந்திரத்தைக் கழுவி வைப்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். அழுக்கு இயந்திரத்தைக் காட்டுவது, கலைந்து கிடக்கிற வீட்டுக்கு விருந்தாளியைக் கூப்பிடுகிற மாதிரி. அதில் தப்பில்லை. ஆனால் அவன் கழுவின விதம்தான் என்னை நிறுத்தியது. பீய்ச்சியடிக்கிற பிரஷர் வாஷரின் மூக்கை ரேடியேட்டர் கம்பிவலை மேலேயே வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, உள்ளே உள்ளே என்று அடித்தான். வலையில் ஒட்டியிருந்த பஞ்செல்லாம் தண்ணீரோடு உள்ளே போய் மறைந்தது. வெளியே பார்த்தால் பளபளவென்று இருந்தது.

"டேய், எப்பவும் இப்படித்தான் கழுவுவியா?"

"அவன் வர்றதுக்கு முன்னாடியும் கழுவுவேன், போனப்புறமும் கழுவுவேன்."

"போனப்புறம் எதுக்கு?"

"அவன் கைரேக எதுக்கு என் வண்டியில இருக்கணும்?"

சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. இவனுக்கு அக்காவாக இருக்க என்னைத் தவிர யாராலும் முடியாது. அந்த வண்டியில் ஹைட்ராலிக் ஆயிலை ஆற்றுகிற கூலர் வெளிப்பக்கம், ரேடியேட்டர் உள்பக்கம், இரண்டும் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும். காற்று போகிற திசைக்கு எதிர்ப்புறத்திலிருந்து ஊதினால் குப்பை வந்த வழியே வெளியே போகும். வெளியிலிருந்து அடித்தால் இரண்டுக்கும் நடுவில் போய் அடையும். யார் கண்ணுக்கும் தெரியாது.

ஆயில் கூலரைப் பிடித்திருந்த போல்ட்டைக் கழற்றி வெளிப்பக்கமாகச் சாய்க்கச் சொன்னேன். பம்ப் மாட்டாமல் இதென்ன வெட்டிவேலை என்று முணுமுணுத்துக்கொண்டே சாய்த்தான். நடுவில் ஈரக் கம்பளி மாதிரி ஒன்று, ரேடியேட்டரின் அகலத்துக்கு, அப்படியே அப்பிக்கொண்டிருந்தது. பஞ்சும் புழுதியும் தண்ணீரும் சேர்ந்து இறுகிய படலம். கர்ட் ஒரு மூலையைப் பிடித்து உரித்தான். பாயைச் சுருட்டுகிற மாதிரி மொத்தமாக வந்தது. உள்ளே காற்று எங்கே போகும்? எஞ்சின் கொதிக்காமல் என்ன செய்யும்?

ஒவ்வொரு வியாழனும் ராஸ் அதை எடுத்துவிட்டுப் போக, ஒவ்வொரு வியாழன் சாயங்காலமும் இவன் திரும்ப அடைக்க ஆரம்பித்திருக்கிறான். ராஸை மறுபடி மறுபடி வீட்டுக்கு வரவழைத்தவன் வேறு யாருமில்லை, என் தம்பிதான்.

அது அவனுக்கு உறைக்கவில்லை. கண்டுபிடித்துவிட்டோம் என்கிற சந்தோஷம் மட்டும்தான் அவனுக்கு. எஞ்சினைக் கிளப்பி, தொட்டியில் மண்ணை நிரப்பி, முற்றத்தைப் பத்துச் சுற்றுச் சுற்றினான். முள் நடுவிலேயே நின்றது. அந்த ஈரக் கம்பளியைத் தூக்கிக்கொண்டு சமையல்கட்டு வாசலுக்கு ஓடினான். நானும் பின்னாலேயே போனேன். நடீன் கம்பிக்கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

"பாரு, இதான் பழுது. நானே கண்டுபிடிச்சேன். அந்தப் பெரிய மெக்கானிக்குக்குத் தெரியல."

நடீன் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ராஸ் மொத தடவையே சொல்லிட்டான், கர்ட். வெளிப்பக்கத்துலேர்ந்து தண்ணி அடிக்காதேன்னு உன்கிட்டச் சொல்லச் சொன்னான். நீதான் அவன்கிட்ட மொகம் குடுத்துப் பேசவே இல்லையே."

கர்ட் கையிலிருந்து அழுக்குத் தண்ணீர் படிக்கட்டில் சொட்டியது. இத்தனை வாரமாக ஏன் சொல்லவில்லை என்று மெதுவாகக் கேட்டான். நான் நகர்ந்துவிடலாமா என்று பார்த்தேன், ஆனால் நின்றுவிட்டேன். இப்போது ராஸ் பேரைச் சொல்வாள், அதோடு முடிந்தது என்றே நினைத்தேன்.

"அவன் வர்ற அன்னைக்கு மட்டும்தான் நீ மத்தியானம் வீட்டுக்கு வர்ற," என்றாள் நடீன். "வந்து எனக்கு எதிர்ல உக்காந்து என்னையே பாக்குற. எத்தன வருஷம் ஆச்சு நீ என்னை அப்படிப் பாத்து. சொல்லியிருந்தா வண்டி சரியாயிருக்கும், நீ வந்திருக்க மாட்ட." என் பக்கம் திரும்பி, "தப்புதான் அண்ணி. வேல கெட்டுப்போச்சு, தெரியும்," என்றாள்.

கர்ட் அந்தக் கம்பளியைப் படிக்கட்டு ஓரத்தில் போட்டான். பூட்ஸைக் கழற்றினான். சமையல்கட்டுக்குள் போய் மேசையில் உட்கார்ந்தான். சாப்பிட இப்போது ஒன்றுமில்லை என்று நடீன் சொல்வது கேட்டது. பரவாயில்லை, நீ உட்கார் என்று அவன் சொல்வதும் கேட்டது. எதிர் நாற்காலியை இழுக்கிற சத்தம் வந்தது. பம்ப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டு நான் கிளம்பினேன்.

வழியெல்லாம் அவர்களுக்காகச் சந்தோஷப்படப் பார்த்தேன். வரவில்லை. கைரேகையைக் கூடக் கழுவிவிட வேண்டும் என்று ஒருத்திக்காக ஒருவன் வெந்துபோயிருக்கிறான், அவளோ அது நின்றுவிடக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாள். எனக்கு அவள் மேல் வந்த பொறாமையில் ஸ்டீயரிங்கைப் பிடித்த கை வலித்தது.

வீட்டில் இரவுச் சாப்பாட்டின்போது, கிராண்ட் ஐலண்டிலிருந்து வருகிற ஃபில்டர் விற்பனையாளன் என்னைக் காபி சாப்பிடக் கூப்பிட்டான் என்று என் கணவர் வெர்னிடம் சொன்னேன். அப்படி யாரும் கூப்பிடவில்லை. ஆள் பார்க்க நன்றாகத்தான் இருப்பான் என்றும் சேர்த்துக்கொண்டேன். வெர்ன் உருளைக்கிழங்கின் மேல் கிரேவியை ஊற்றிக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டார்.

"போயிட்டு வாயேன்," என்றார். "வரும்போது பால் வாங்கிட்டு வந்துடு."