பாட்டுப் பாடி எழுப்பும் கடிகாரம்

இரவு வேலை முடித்து வந்த அப்பா, கடிகாரக் கடை நாற்காலியிலேயே உறங்கிவிட்டார். ஆலைச் சங்கு போல எது அலறினாலும் பதறி எழுகிறார்; அது நெஞ்சுக்கு ஆகாது என்றார் மருத்துவர். அதனால்தான் சிடி பாட்டால் எழுப்பும் ரேடியோ கடிகாரம் தேடினேன்.

"கரண்ட் போனாலும் எழுப்புமாண்ணே?" என்று கடைக்காரரைக் கேட்டேன்.

"பேட்டரி இருக்கும்மா. படிச்ச பொண்ணு, அட்டையப் பாக்கலையா?"

"படிச்சதாலதான் நம்பல. அலாரம் வச்சு, பிளக்கைப் பிடுங்குங்க."

பிடுங்கினார். கடிகாரம் நிற்கவில்லை. ஆனால் மின்சாரமில்லாமல் சிடி சுழலவில்லை. அதற்குப் பதில் அலாரம் கீச்சென்று அலறியது.

"வந்துட்டேன் சார்!" அப்பா துள்ளியெழுந்து செருப்பைத் துழாவினார். கடைக்காரர் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, அவர்மீதும் என்மீதும்.

அப்பா நெஞ்சைத் தடவியபடி சொன்னார்: "நல்லா எழுப்புதே பாப்பா. இதையே வாங்கிடு, வீட்டுக்குப் போய்ப் படுக்கணும்."

"வேற காட்டுங்க," என்றேன்.